வராத பள்ளம்

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் எதிர்வீட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று நாளாக உப்புசமாம். "உங்க மருமக வாயுவுக்குத்தானே டாக்டர்?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தைக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. "அவ பெரிய பெரிய வாயுவெல்லாம் பாக்கறவ. இந்த மாதிரி சின்னதெல்லாம் அவளுக்குப் பழக்கமில்ல" என்று சமாளித்து, வெந்நீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதில் பொய் எதுவும் இல்லை. நான் பார்ப்பது பெரிய வாயுதான். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் துகள்களால் ஆனது. ஒரே ஒரு குறை, அப்படியொரு வாயு எங்கும் கிடையாது. காகிதத்தில் உண்டு. பதினொரு வருடமாக அதன் சூட்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பதினொரு வருடமாக என் வேலையும் தற்காலிகம்.

நிரந்தர இடத்துக்கு விளம்பரம் வந்துவிட்டது. ஒரே இடம். நேர்காணல் மார்ச் 20. துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "இது உனக்குன்னே வந்த மாதிரி இருக்கும்மா. அந்தப் பள்ளத்த மட்டும் நல்லாக் காட்டு, போதும்." அவர் மார்ச் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதையொட்டி ஒரு கருத்தரங்கம். அதன் தலைப்பும் பள்ளம்தான்.

பள்ளம் என்பது — எனக்கு நானே எதற்கு விளக்குகிறேன்? சரி, நேர்காணலுக்கு ஒத்திகை. ஆறு வருடத்துக்கு முன் தலைவரும் நானும் எழுதிய கட்டுரை. எங்கள் வாயுவைச் சூடேற்றிக்கொண்டே போனால், அது வெப்பத்தை உள்வாங்கும் திறன் சீராக ஏறும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். எங்கள் வரைபடத்தில் ஓரிடத்தில் அது சட்டென்று இறங்கி மறுபடி ஏறும். அந்த இறக்கம்தான் பள்ளம். நூற்றுப் பதினெட்டுக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. வேறொரு ஊரில் ஒருவர், அது ஏன் வருகிறது என்று விளக்கி மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவருக்கு வீட்டில் நான் வைத்திருக்கும் பெயர் உரையாசிரியர். அவரும் இதே இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாராம்.

மூலம் இருக்க உரையை எதற்கு எடுப்பார்கள்? பார்ப்போம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் ஸ்லைடு தயார். தலைப்பும் என் பெயரும். நாலு மணி நேரம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டத்துக்கு நான்காம் வருடம். "மதிப்பிற்குரிய மேடம், உங்கள் பள்ளத்தைத்தான் என் ஆய்வேட்டில் விரிவாக்குகிறேன். கட்டுரையில் உள்ள பதினான்காம் சமன்பாட்டை அப்படியே எடுத்துக் கணக்கிட்டேன். எனக்குப் பள்ளம் வரவில்லை. வளைவு நேராக ஏறிப் போய்விடுகிறது. நான் எங்கே தவறு செய்கிறேன் என்று சொல்ல முடியுமா?"

இரண்டு வரி பதில் எழுதினேன். தொகையிடும்போது இடைவெளியைச் சின்னதாக எடுக்கச் சொன்னேன். எல்லோரும் செய்கிற தப்புதான், கவலைப்பட வேண்டாம் என்றும் பெருந்தன்மையாகச் சேர்த்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாப்பிடும்போது அத்தை கேட்டார்: "நீ அப்படி என்னதாம்மா பண்றே? அடுத்த வாட்டி யாராவது கேட்டா நான் ஒழுங்காச் சொல்லணுமில்ல?"

"துகள்ல ரெண்டு ஜாதி அத்தை. ஒண்ணு நாற்காலி ஜாதி. ஒரு நாற்காலிக்கு ஒருத்தர்தான். இன்னொண்ணு பாய் ஜாதி. ஒரே பாய்ல எத்தன பேர் வேணா உக்காரலாம். நாங்க நடுவுல ஒண்ணு எடுத்துக்கறோம். பெஞ்சு. மூணு பேர் உக்காரலாம், நாலாவது ஆளுக்கு இடமில்ல."

"அந்தப் பெஞ்சு எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல. இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கறோம்."

"இல்லாத பெஞ்சுக்கு எதுக்கும்மா ஆள் கணக்கு?"

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு நான் விடாமல் தொடர்ந்தேன். ரொம்பச் சூடாக்கினால் துகள்கள் தாமாகவே பிறக்கும். தனியாகப் பிறக்காது, ஒவ்வொன்றும் தன் எதிர்த்துகளோடு ஜோடியாகத்தான் பிறக்கும்.

"அப்ப அது சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி" என்றார் அத்தை. "அவங்களுக்கும் அதே பெஞ்சா?"

"அதே பெஞ்சுதான். அவங்கள்லயும் மூணு பேர்தான்."

"நியாயம்" என்றார்.

பதினொரு வருடத்தில் இவ்வளவு தெளிவாக யாருக்கும் நான் சொன்னதில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கேள்விப் பெண் மறுபடி எழுதியிருந்தாள். இடைவெளியைச் சின்னதாக்கி, இன்னும் சின்னதாக்கி, ஐந்து விதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஐந்து வளைவுகளும் ஒன்றன் மேல் ஒன்று. பள்ளம் இல்லை. வரைபடத்தின் அச்சுகளுக்கு இவ்வளவு அழகாகப் பெயர் போடுகிற பெண் அடிப்படைத் தவறு செய்வாளா என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாவம், தடுமாறுகிறாள், என் ப்ரோக்ராமையே அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். பழைய கணினியிலிருந்து எடுத்தேன். அனுப்புவதற்கு முன் குறிப்புகளைச் சுத்தம் செய்யலாமே என்று மேலிருந்து கீழே படித்தேன்.

வரி 211: துகள்கள். அடைப்புக்குறிக்குள் சக்தி, வெப்பநிலை, வரம்பு மூன்று.

வரி 212: எதிர்த்துகள்கள். அடைப்புக்குறிக்குள் சக்தி, வெப்பநிலை.

அவ்வளவுதான். மூன்று இல்லை.

வரம்பு கொடுக்காமல் விட்டால் 'வரம்பே இல்லை' என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியதும் நான்தான். வசதியாக இருக்கும் என்று. துகள்களைப் பெஞ்சில் மூன்று மூன்றாக உட்கார வைத்துவிட்டு, சம்பந்தி வீட்டாரைப் பாயில் கணக்கில்லாமல் இறக்கியிருக்கிறேன். சூடு ஏறும்போது அவர்கள் கூட்டம் பிதுங்குகிறது. அந்தப் பிதுங்கலால் வந்ததுதான் பள்ளம்.

அச்சில் இருக்கும் சமன்பாடு சரி. ப்ரோக்ராம்தான் தப்பு. அவள் சமன்பாட்டைப் போட்டாள். சரியான விடை வந்தது. எனக்கு எழுதிக் கேட்டாள், தவறு எங்கே என்று.

மூன்றைச் சேர்த்து ஓட்டினேன். இருபது நிமிஷம். வளைவு வழுவழுவென்று ஏறியது. ஐயோ. ஆறு வருஷம். ஆறு வருஷமா ஒருத்தர்கூட... நூத்திப் பதினெட்டுப் பேரு! ஒருத்தராவது போட்டுப் பாத்திருக்க வேண்டாமா? உரையாசிரியர் மூணு கட்டுரை எழுதினாரே, எதைப் பார்த்து எழுதினார்?

என் படத்தைப் பார்த்து. நான் எதைப் பார்த்து எழுதினேன்? அதே படத்தைத்தான்.

பிப்ரவரி 19, புதன்

மறுபடி ஓட்டினேன். மறுபடி இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

தலைவர் அறைக்குப் போனேன். மேஜை மேல் கருத்தரங்கப் பைகளின் மாதிரிகள். நீலமா பச்சையா என்று என்னைக் கேட்டார். பச்சை என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த வரி?"

"இருநூத்திப் பன்னெண்டு சார்."

"ஒரே ஒரு வரிதானே?"

"ஒரே வரிதான் சார். அதத் திருத்தினா பள்ளம் இல்ல."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்கவே மாட்டார் போலிருந்தது. "அந்த ப்ரோக்ராம் நீ எழுதினதுதானேம்மா?"

"நான்தான் சார்."

இதைக் கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நலம் விசாரிக்கிற மாதிரி கேட்டார். பிறகு எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். திரும்பியபோது முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எதிர்த்துகளுக்கு வரம்பு கிடையாதுன்னு ஏன் வச்சுக்கக் கூடாது?"

"எதுக்கு சார் அப்படி வச்சுக்கணும்?"

"தப்புன்னு ஏன் சொல்றே? கருதுகோள்னு சொல்லு. துணிச்சலான கருதுகோள். துகளுக்கு ஒரு சட்டம், எதிர்த்துகளுக்கு ஒரு சட்டம். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

யாரும் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. துகளும் எதிர்த்துகளும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை என்றால் இயற்பியலில் பாதிக் கட்டடம் சரிந்துவிடும். அது அவருக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"ஆனா அச்சுல இருக்கற சமன்பாட்டுல வரம்பு இருக்கே சார்?"

"அச்சுப்பிழைன்னு சொல்லிடலாம்."

ஆக, சரியாக இருக்கும் சமன்பாடு அச்சுப்பிழை. தப்பாக இருக்கும் ப்ரோக்ராம் கருதுகோள். வெளியே வரும்போது கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தார். பச்சை.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதிப் பார்த்தேன். 'சமச்சீரற்ற புள்ளியியலுக்குட்பட்ட சார்பியல் குவாண்டம் வாயுக்கள்.' நாலு பக்கம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. உண்மையான கட்டுரைகளுக்கு இப்படி நடை வருவதில்லை. 'நாங்கள் துணிந்து முன்மொழிகிறோம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். துணிந்துதான்.

கேள்விப் பெண்ணுக்கு இன்னும் பதில் போடவில்லை. நேர்காணல் முடியட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய் ஏறி இறங்கிப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது வேலை. துணி மடித்துக்கொண்டே கேட்டார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. தன் கதையைச் சொன்னார்.

"போன மாசம் ஒரு லிஃப்ட்டுக்கு ஓகே போட்டுட்டு வந்துட்டேன். பாதி வழியில சந்தேகம், மேல அந்த ரெண்டாவது போல்ட்டப் பாத்தேனா இல்லையான்னு. திரும்பிப் போனேன்."

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப வீண் அலைச்சல்தானே?"

"வீண்தான்." ஒரு போர்வையின் மறுமுனையை என் கையில் கொடுத்தார். "சரி, உன் லிஃப்ட்ல யாராவது ஏறியிருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க. அது இல்லாத வாயு" என்றேன்.

சொன்ன உடனே வாய் கசந்தது. ஒருத்தி ஏறியிருக்கிறாள். நாலு வருடமாக.

மார்ச் 5, புதன்

அவளிடமிருந்து மூன்றாவது கடிதம். இங்கே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"மேடம், தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும். இனி எழுத மாட்டேன். அச்சில் வந்த ஒன்றைக்கூடத் திரும்பப் போட்டுக்காட்ட முடியவில்லை என்றால் இந்தத் துறை எனக்கானதல்ல என்று என் வழிகாட்டி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றுகிறது. இந்த மாதத்தோடு பதிவை ரத்து செய்துகொள்கிறேன். என் தவறு எது என்று உங்களுக்கு என்றைக்காவது தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். தெரிந்துகொள்ளத்தான்."

கீழே தொலைபேசி எண் இருந்தது. ஆய்வுக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். யாரென்று சொன்னதும் எழுந்து நின்றிருப்பாள் போல. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உங்க தப்பு எதுவும் இல்லம்மா. தப்பு என்னோடது. பள்ளம்னு ஒண்ணே கிடையாது."

"நெஜமாவா மேடம்?" பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்குள்ளாகவே, "எந்த எடத்துல மேடம் தப்பு?" வரியைப் படித்துக் காட்டினேன். "ஓ... ஓஓ" என்றாள். அழுகை போய்விட்டது. இவளைப் போய்த் துறைக்கு லாயக்கில்லை என்று எவன் சொன்னான்?

"எப்பக் கண்டுபிடிச்சீங்க மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"பதினெட்டாம் தேதி."

"போன மாசமா?"

"ஆமா."

எண்ணினாள். எண்ணுவது எனக்குக் கேட்டது. "பதினஞ்சு நாள்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மேடம் என்று அவள் சொல்லவில்லை. நல்ல பெண்.

அவளுடைய வழிகாட்டிக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி, ப்ரோக்ராமையும் இணைத்து அனுப்பினேன். நாலு பக்கக் கருதுகோளை அழித்தேன். அந்த நடை போனதில் மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மார்ச் 7, வெள்ளி

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். அரை மணியில் பதில். திருத்தம் வெளியிட எல்லா ஆசிரியர்களின் கையெழுத்தும் தேவையாம். தலைவரிடம் போனேன்.

"கருத்தரங்கம் முடியட்டும்மா."

"அதுக்கு முன்னாடி நேர்காணல் வருது சார். அங்க நான் சொல்லித்தான் ஆகணும்."

"நீ சொல்லித்தான் ஆகணும்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான்.

மார்ச் 12, புதன்

விதிகளைப் புரட்டிப் பார்த்ததில் ஒரு சந்து கிடைத்தது. தன் கட்டுரையைத் திருத்தத்தான் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒரு கட்டுரையைத் தாக்கி எதிர்க்குறிப்பு எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். கேள்விப் பெண் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. என் கட்டுரையை நானே தாக்குகிறேன். அவள் வரைவில் 'வருந்தத்தக்க கவனக்குறைவு' என்று இருந்தது. 'வருந்தத்தக்க' என்பதை எடுத்துவிடலாமா மேடம் என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

நேர்காணல். நீள மேஜை. துணைவேந்தர் நடுவில், வெளியாட்கள் இரண்டு பேர், ஓரத்தில் துறைத் தலைவர் என்ற முறையில் எங்கள் தலைவர்.

ஏழாவது ஸ்லைடில் பள்ளத்தைக் காட்டினேன். வெளியாட்களில் ஒருவர் பழைய நண்பரைப் பார்த்ததுபோல் தலையசைத்தார். எட்டாவது ஸ்லைடில் பள்ளம் இல்லாத வளைவைக் காட்டினேன். "முதல்ல காட்டினது தப்பு. ப்ரோக்ராம்ல என்னோட பிழை. இதுதான் சரி" என்றேன்.

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. என் விண்ணப்பத்தின் நகலை ஓரம் பார்த்துச் சீராக மடித்துக்கொண்டிருந்தார்.

துணைவேந்தர் கேட்டார்: "அப்ப இந்தக் கட்டுரை செல்லாதுன்னு நீங்களே சொல்றீங்க?"

"ஆமா சார்."

"பின்ன எதுக்கு விண்ணப்பத்துல சேர்த்தீங்க?"

"விண்ணப்பம் போட்டப்ப எனக்குத் தெரியாது சார்."

"இத எடுத்துட்டா மிச்சம் எத்தன?"

"எட்டு."

பக்கத்திலிருந்த அலுவலர் விதிப்புத்தகத்தைத் திறந்து அவர் காதில் ஏதோ சொன்னார். குறைந்தபட்சம் ஒன்பது கட்டுரைகள் வேண்டுமாம். ஆகவே எனக்குத் தகுதி இல்லை. தப்புச் செய்ததற்காக அல்ல, ஒன்று குறைவதற்காக. பேசாமல் இருந்திருந்தால் ஒன்பது.

"ரொம்ப நேர்மையாப் பேசினீங்க" என்று வழியனுப்பினார் துணைவேந்தர். துக்க வீட்டில் கேட்கும் குரல்.

மார்ச் 28, வெள்ளி

கருத்தரங்கம். போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன், போனேன். தலைவருக்கு மரத்தில் செய்த ஒரு நினைவுப் பலகை. நடுவில் எங்கள் வளைவை இழைத்துச் செதுக்கியிருந்தார்கள், பள்ளத்தோடு. தச்சர் நல்ல வேலைக்காரர். என் படத்தில் இருந்ததைவிட ஆழமாகவே தோண்டியிருந்தார்.

ஏற்புரையில் தலைவர் பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தன் ஆசிரியரைப் பற்றிப் பேசினார், மனைவியைப் பற்றிப் பேசினார், துறையின் பழைய தண்ணீர்க் குழாய் பற்றிக்கூடப் பேசினார். எல்லோரும் அது அடக்கம் என்று பாராட்டினார்கள். பலகையை வாங்கும்போது அவர் கை அந்த இடத்தை மூடியிருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேனோ?

ஏப்ரல் 3, வியாழன்

உரையாசிரியருக்கு வேலை கிடைத்துவிட்டது. அந்த மூன்று கட்டுரைகளையும் சேர்த்துப் பதினொன்று.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்திரிகையிலிருந்து கடிதம். "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, உங்கள் கட்டுரையை விமர்சித்து ஓர் எதிர்க்குறிப்பு வந்துள்ளது. மறுப்பு எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. இந்த விமர்சனம் நியாயமற்றது என்று கருதினால் தயங்காமல் தெரிவிக்கவும்."

இவருக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். "நல்லா நாலு கேள்வி கேட்டு எழுதும்மா, சும்மா விடாதே" என்றார் அத்தை. விமர்சித்தது நான்தான் என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார்.

விமர்சனத்தை முழுமையாக ஏற்கிறேன் என்று பதில் எழுதினேன். விமர்சகர்களின் கடுமையான மொழியையும் பொருட்படுத்தவில்லை என்று சேர்த்தேன். ஆனால் இதற்கும் இரண்டு ஆசிரியர்களும் பதில் சொல்ல வேண்டுமாம். படிவத்தில் இரண்டு கோடுகள். தலைவருக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

ஒப்பந்தம் முடிந்தது. அறையைக் காலி செய்தேன். பதினொரு வருடம் இரண்டு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டது, ஒன்றில் பாதி காலி. சாவியை வாங்கிக்கொண்ட அலுவலக அம்மா, "லீவா மேடம்?" என்றார். "ஆமா, கொஞ்சம் நீளமான லீவு" என்றேன்.

பேருந்தில் அழுதேன். எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

மே 23, வெள்ளி

தலைவரிடமிருந்து எதுவும் இல்லை. போன் எடுக்கவில்லை. என்ன நெனச்சுட்டிருக்கார்? நான் அவர் மானத்த வாங்கிட்டேன்னா? வாங்கினேனா? தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வானிலை அலுவலகத்தில் நேர்காணல். மற்றவர்கள் எழுதிய கணிப்பு ப்ரோக்ராம்களில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் கேட்டார்: "உங்க வாழ்க்கையில பண்ண பெரிய தப்பு எது?"

இந்தக் கேள்விக்கு எல்லோரும், நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன் என்கிற மாதிரி ஏதாவது சொல்வார்களாம். நான் பத்திரிகையின் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சொன்னேன். அப்புறம் வரி எண்.

அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். "யாரு கண்டுபிடிச்சது?"

"ஒரு மாணவி. அவளுக்கே அது தெரியல."

"எப்படி அது ஆறு வருஷம் தப்பிச்சுது?"

ஒரு மணி நேரம் அதையேதான் பேசினோம். வரம்பு தராவிட்டால் வரம்பில்லை என்று எடுத்துக்கொள்ளும் வரிகள் அவர்களிடமும் இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கிளம்பும்போது, "திங்கக்கிழமை வந்து பாக்கறீங்களா?" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

வானிலை அலுவலகத்தில் மூன்றாவது வாரம். இரண்டு பிழை கண்டுபிடித்திருக்கிறேன். இங்கே நான் பார்ப்பது உண்மையான காற்று. எதிர்வீட்டு அம்மாவிடம் அத்தை சொல்லிவிட்டார், மருமகள் இப்போது வெளிக்காற்று பார்க்கிறாள் என்று.

கேள்விப் பெண் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். தலைப்பில் பள்ளம் இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மத்தியானம் அழைப்பு மணி. திறந்தால் தலைவர். இந்த வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். அக்குளில் ஒரு தடித்த கோப்பு. இளைத்திருந்தார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார், அத்தை தண்ணீர் கொண்டு வந்தார். முழுவதையும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ப்ரோக்ராம் எனக்கு வராது, உனக்குத் தெரியும்" என்றார். "கையால போட்டேன்."

கோப்பைத் திறந்தார். எழுபத்திரண்டு பக்கம். பதினாறு வெப்பநிலைகள். ஒவ்வொன்றுக்கும் தொடரை உறுப்பு உறுப்பாக விரித்து, ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு, நாலரை மாதம். கருத்தரங்கம் முடிந்து வீட்டுக்குப் போனவர், அந்தப் பலகையைச் சுவரில் மாட்டுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாராம்.

"மூணு வாட்டி போட்டேன். மொதல் வாட்டி வரல. நான்தான் எங்கயோ தப்புப் போட்டுட்டேன்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டியும் வரல. எனக்கு மறதி வந்துடுச்சோ, மூளை மங்கிடுச்சோன்னு பயந்துட்டேன்மா. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல." தம்ளரை நகர்த்தி வைத்தார். "அந்தப் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?"

"இருந்திருக்கும் சார்."

"நாலு வருஷமா."

"ஆமா சார்."

படிவத்தைக் கேட்டார். கொடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே போட்டார். தேதியை ஏப்ரல் என்று எழுதத் தொடங்கி, நிறுத்தி, ஆகஸ்ட் என்று எழுதினார்.

பிறகு கோப்பை என் பக்கம் தள்ளினார். "நீ ஒரு வாட்டி பாத்துடு."

பார்த்தேன். இவரும் அத்தையும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பென்சிலில் எழுதிய சின்னச் சின்ன எழுத்து, எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிசிறில்லாமல். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றேன். திரும்ப ஒரு முறை படித்தேன். தாண்டிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. விடை மாறப்போவதில்லை, அவர் வயதென்ன, வெயிலில் நாலு மாடி ஏறி வந்திருக்கிறார்.

"சார், இங்க ஒரு மைனஸ் விட்டுப்போச்சு."

கோப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். விரலை வைத்து மேல் வரியிலிருந்து வந்தார். ரொம்ப நேரம்.

"விடை மாறுமா?"

"மாறாது சார். அடுத்த வரியிலயே வர்க்கம் எடுத்துடறீங்க."

தலையை ஆட்டினார். சட்டைப் பையைத் தடவிப் பென்சிலை எடுத்தார்.

"அழிரப்பர் இருக்காம்மா?"